சூடாமணி இருந்த அறை

டிசம்பர் 12, வெள்ளி

எங்கள் வீட்டில் இன்று முதல் ஊரடங்கு. சத்தமாகப் பேசக் கூடாது. சிரிக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். பிறந்து பதினோரு நாளே ஆன ஒரு பிரமுகர் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து குன்னூர் வந்து எங்கள் நடு அறையில் முகாமிட்டிருக்கிறார். அக்காவின் மகள். இன்னும் பெயர் வைக்கவில்லை. நான் 'மாண்புமிகு' என்று அழைக்கிறேன். ஓயாமல் குரல் கொடுக்கிறார், எல்லோரும் ஓடுகிறார்கள், என்ன வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. வேறென்ன பெயர் வைக்க?

பேச முடியாத வாய்க்கு ஒரு வடிகால் வேண்டும். அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் சும்மா கிடந்த டைரியை எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்கு ஒரு நிரந்தர வருத்தம்: ஜெராக்ஸ் கடை வைத்திருந்தும் இரண்டு பெண்களும் ஒன்றுபோல் வரவில்லை. மூத்தவள் கயல்விழி, தங்கம். இளையவள் தேன்மொழி, நான். பிளஸ் ஒன் படிப்பதாகப் பேச்சு. வீட்டிலும் பள்ளியிலும் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றித் தேள்மொழி என்கிறார்கள்.

இன்றைய சாதனை: மாண்புமிகுவின் அழுகையைப் போனில் பதிவு செய்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் ஒலிக்கவிட்டேன். அம்மா ரசச் சோற்றுக் கையோடு ஓடினாள். உள்ளே பிரமுகர் நல்ல தூக்கத்தில் இருந்தார். திரும்பி வந்த அம்மா அதே கையால் என் முதுகில் ஒரு முத்திரை வைத்தாள். சீருடையில் ரசக் கறை. கலை என்றால் சேதாரம் இருக்கத்தான் செய்யும்.

டிசம்பர் 13, சனி

தாராபுரத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். அக்காவின் மாமியார் தெய்வானை அத்தை, அவள் மகனும் அக்காவின் கணவருமான மௌலி மாமா. கூடவே சாக்கில் சுற்றிய ஒரு பெட்டி.

அத்தைக்கு எங்கள் ஊர்க் குளிர் என்றால் ஜென்மப் பகை. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே, "ஏனுங்க, இந்தக் குளுருல எப்பிடித்தான் குடியிருக்கறீங்களோ, பச்ச ஒடம்புக்காரிய வெச்சுக்கிட்டு!" என்று அம்மாவிடம் ஆரம்பித்தாள். பெட்டிக்குள் கேஸில் எரியும் ரூம் ஹீட்டர். ஊட்டியில் ஒரு லாட்ஜை மூடும்போது மௌலி மாமா வாங்கினாராம். மேலே ஒட்டிய தூசியைத் துணியால் துடைத்திருந்தார். "சர்வீஸ் பண்ணீட்டேன்" என்றார். துடைத்ததுதான் சர்வீஸ்.

அக்கா படுக்கும் அறையில் அதை வைத்து, எங்கள் வீட்டு உபரி சிலிண்டரை மாட்டிப் பற்ற வைத்தார்கள். முகப்பிலிருந்த மூன்று பீங்கான் தட்டுகளும் சிவக்க, அடியில் நீலமாகக் குட்டிக் குட்டி நாக்குகள். அறை கொஞ்ச நேரத்தில் தாராபுரம் ஆகிவிட்டது. நான் அங்கேயே பெயர் சூட்டிவிட்டேன்: சூடாமணி.

ஆனால் அத்தைக்கு ஒரு குறை. பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் படக் கூடாது. பட்டால் சன்னி, சீதளம், பிறகு ஆயுசுக்கும் இடுப்பு வலி.

"சன்னல் சந்துல காத்து வருது பாரு அம்மிணி. பேப்பர ஒட்டு. மேல அந்த ஓட்டை என்னத்துக்கு? அதையும் அடை."

"அது வென்டிலேட்டருங்க அத்தை."

"பேரு என்னவோ இருக்கட்டும். அடை."

அம்மாவும் சும்மா இல்லை. சம்பந்தி முன்னால் தன் அக்கறை குறைந்துவிடக் கூடாதே. "தேனு, பழைய சேலையச் சுருட்டிக் கதவுக்கடியில சொருவு" என்று ஒரு சேலையை எடுத்துத் தந்தாள்.

வேலை என்றால் எனக்குப் பிடிக்காது, இது கலை. டிவி வந்த பெட்டியின் தெர்மாகோலை அளந்து வெட்டி, வென்டிலேட்டரில் செருகி, நான்கு பக்கமும் பிரவுன் டேப். மைதா பசை காய்ச்சி ஜன்னல் சந்துக்கெல்லாம் தினத்தாள். ஓர் எறும்பு மூச்சு விட்டால்கூட வெளியே போகாது. தெர்மாகோலில் மார்க்கரால் எழுதினேன்: 'இவ்வறை செல்வி தேன்மொழி அவர்களால் மூடி வைக்கப்பட்டது.'

முதன்முறையாக அத்தை என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். "சின்னதும் கெட்டிக்காரிதானுங்க!" அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஜெராக்ஸ் மெஷின் திடீரென்று கலரில் அடித்துத் தந்ததுபோல.

டிசம்பர் 14, ஞாயிறு

மௌலி மாமா ராத்திரி குளிர் தாங்காமல் அக்கா அறையிலேயே தரையில் பாய் போட்டுக்கொண்டார். காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசல் ரோஜாச் செடிக்கு வாந்தியால் உரமிட்டார்.

"கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கலீங்க" என்றாள் அத்தை. மலை ஏறியது நேற்று. வாந்தி இன்று. வளைவுகள் எங்கள் ஊர் கூரியர்போல ஒரு நாள் தாமதமாக டெலிவரி கொடுத்திருக்கின்றன.

மாமா மதியம் தாராபுரம் திரும்பினார். டிராக்டர் ஷோரூமில் லீவு இல்லையாம். இறங்கும் வழியில் மேட்டுப்பாளையத்திலிருந்து போன் செய்தார். தலைவலி போயே போய்விட்டதாம். "பாத்தீங்களா? சமவெளி வந்ததும் செரியாயிருச்சு!" என்று அத்தைக்கு வெற்றி.

டிசம்பர் 16, செவ்வாய்

வேதியியல் தேர்வு. எனக்கு அது வேதனையியல். 'முழுமையற்ற எரிதல் என்றால் என்ன?' என்று கேட்டிருந்தார்கள். 'பாதியில் அணைந்துபோன அடுப்பு' என்று எழுதினேன். சரியாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 17, புதன்

கயல்விழிக்குப் பெயரில் மட்டும்தான் விழி. எந்நேரமும் மூடியே கிடக்கிறது. பாலூட்டும்போது தூங்குகிறாள். கஞ்சி குடிக்கும்போது தூங்குகிறாள். "அக்கா, உன் பிள்ளையை நரி தூக்கிப் போயிடுச்சு" என்றேன். "ம்" என்றாள். நான் காதில் பேப்பர் திரி விட்டால் முன்பெல்லாம் ஊரைக் கூட்டுவாள். இன்று திரியைத் தட்டிவிடக்கூட இல்லை. இப்படி ஒரு சோம்பேறியிடம் குறும்பு செய்வது சுவரில் பந்தடிப்பது மாதிரி. பந்து திரும்பி வந்தாலாவது பரவாயில்லை.

தலைவலி என்றும் சொல்கிறாள். "கண்ணு பட்டிருச்சு" என்று அத்தை உப்பும் மிளகாயும் சுற்றினாள். சூடாமணியிலேயே போடலாமா என்று கேட்டதற்கு முறைப்பு.

சூடாமணிக்கும் இன்று விசேஷம். நீலமாக இருந்த நாக்குகள் மஞ்சளாகிவிட்டன. மஞ்சள் நீராட்டு! பின்சுவரில் கரி படிந்து கண்மைகூட இட்டுக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடி முழுக்க உள்பக்கம் தண்ணீர் வழிகிறது. அந்த ஈரத்தில் விரலால் அக்கா தூங்கும் படம் வரைந்தேன். வரைவதற்குள் எனக்கே தலை கனத்தது. கலைஞர்களுக்கு இதெல்லாம் சகஜம்.

டிசம்பர் 18, வியாழன்

அம்மாவுக்குத் தலைவலி, சம்பந்தியம்மா போட்ட காபியால். அத்தைக்குத் தலைவலி, அம்மா போட்ட காபியால். இரண்டையும் குடித்த அப்பா கடையில் நன்றாக இருக்கிறார்.

டிசம்பர் 19, வெள்ளி

சூடாமணி மண்டையைப் போட்டாள். சிலிண்டர் காலி. பதிவு செய்தால் திங்கட்கிழமைதான் லாரி ஏறுமாம். அடுப்பங்கரைச் சிலிண்டரைக் கழற்றலாம் என்றாள் அத்தை. "அப்பறம் சோத்த வெயில்லயா வேக வெக்கறதுங்க?" என்றாள் அம்மா. கடைசியில் வெந்நீர்ப் பை, இரண்டு கம்பளி, அப்பாவின் குரங்குக் குல்லாய். அக்காவைச் சுற்றிக் கட்டியதில் பார்சல் ஆபீஸ் மூட்டை மாதிரி ஆகிவிட்டாள். முகவரி ஒட்டுவதுதான் பாக்கி.

டிசம்பர் 20, சனி

மூட்டை பேசியது!

காலையில் போய் எட்டிப் பார்த்தால் அக்கா உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். "ஏன்டி தேளு, என் நீலச் சுடிதார நீ எடுத்து போட்டுக்கிட்டியா? கழுத்துல குழம்பு கறை!" குற்றச்சாட்டு உண்மை, அதைவிட, அந்தக் கூர்மை! மதியம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். மாலையில் என் ஆங்கில மிஸ் நடப்பதுபோல் நான் நடந்து காட்டியபோது, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காத பாவி, வலிக்குது" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

அறை ஐஸ் பெட்டி மாதிரி இருக்கிறது. யாருக்கும் தலைவலி இல்லை.

"கண்ணு கழிஞ்சிருச்சு பாத்தீங்களா?" என்றாள் அத்தை.

டிசம்பர் 22, திங்கள்

கடைசித் தேர்வு முடிந்தது. வீட்டுக்கு வந்தால் புதுச் சிலிண்டரும் வந்திருந்தது. அத்தை அதற்குப் பொட்டு வைக்காத குறை. சூடாமணி மறுபிறவி எடுத்தாள். மஞ்சளாகவே.

டிசம்பர் 23, செவ்வாய்

அக்கா திரும்பவும் மூட்டை ஆகிவிட்டாள்.

கதவோரம் நின்று பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கூப்பிட்டால் "ம்". மாண்புமிகுவும் அழவில்லை. அத்தை நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் சாய்ந்திருந்தாள்.

எனக்குக் கணக்கு வராது. ஆனால் இது கணக்கே இல்லை. சூடாமணி எரிந்தால் அக்கா அணைகிறாள். சூடாமணி அணைந்தால் அக்கா எரிந்து விழுகிறாள். மாமா ஒரு ராத்திரி அங்கே படுத்தார், வாந்தி எடுத்தார். அப்பா அந்த அறைக்குள் போவதே இல்லை, அவருக்கு ஒன்றுமில்லை.

தேர்வு முடிந்த மறுநாள் வேதியியல் புத்தகத்தைத் திறந்த முதல் மாணவி நானாகத்தான் இருப்பேன். முழுமையற்ற எரிதல்: போதிய காற்று இல்லாமல் எரிவது. நீலம் போய் மஞ்சள் வரும், கரி படியும். கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய நாற்காலியில் இது போய் உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்க மறுக்கும். தலைவலி, வாந்தி, தூக்கம். பிறகு எழுதியிருந்ததை இங்கே எழுத வேண்டாம்.

தலையைத் தூக்கி வென்டிலேட்டரைப் பார்த்தேன். 'செல்வி தேன்மொழி அவர்களால் மூடி வைக்கப்பட்டது.' எழுத்து அழகாகத்தான் இருந்தது.

அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, அந்த ஹீட்டர் வேண்டாம்மா. விஷக் காத்து வருது. அக்கா தூங்கலம்மா, மயங்கிக் கெடக்கறா."

"அன்னிக்குக் கொழந்த அழுவுதுன்ன. அதுக்கு முந்தி அப்பாவுக்கு லாட்டரி விழுந்துச்சுன்ன. இப்ப விஷக் காத்தா?"

"புஸ்தகத்துல இருக்குதும்மா!"

"நீயி புஸ்தகந் தொறந்தீங்கறதே மொதல்ல நம்பற மாதிரி இல்ல."

இது நானே கேட்டு வாங்கிய அடி. அப்பாவிடம் போனேன். அவர் புத்தகத்தை வாங்கிப் படித்தார், இரண்டு தடவை. பிறகு குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி ஆசையாக் கொண்டாந்த சாமானம். அவங்க இருக்கறப்ப எடுத்து வெளிய வெச்சா மூஞ்சிய தூக்கிக்குவாங்க. ஞாயித்துக்கெழமை ஊருக்குப் போறாங்கல்ல, அன்னிக்கு ராத்திரியே கழட்டிரலாம்" என்றார்.

ஞாயிறு. இன்று செவ்வாய். கார்பன் மோனாக்சைடுக்குச் சம்பந்தி மரியாதை தெரியுமா என்று புத்தகத்தில் போடவில்லை.

டிசம்பர் 24, புதன்

எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் இறங்கினேன்.

காலையில் யாரும் பார்க்காதபோது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினேன். சூடாமணி அணைந்தாள். அத்தை வந்து திருப்பினாள், எரிந்தது. மறுபடி மூடினேன். மறுபடி திருப்பினாள். மூன்றாவது முறை ரெகுலேட்டரையே கழற்றி அரிசி டப்பாவில் போட்டேன். அம்மா சோறு வடிக்க அரிசி அளந்தபோது அகப்பட்டது. மதியம் ஜன்னல் பேப்பரைக் கிழித்து நான்கு விரல் அளவு திறந்துவைத்தேன். மலைக்காற்று ஜில்லென்று உள்ளே வந்தது. அக்கா கண் திறந்து, "யாரு, தேனா?" என்றாள். அதே நேரம் அத்தையும் வந்தாள்.

"பச்சக் கொழந்தை இருக்கற எடத்துல உனக்கு வெளையாட்டா? சீதளம் புடிச்சு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"அத்தை, வெளையாட்டு இல்லீங்க. சத்தியமா. அந்த நெருப்பப் பாருங்க, மஞ்சளா..."

"உன்ற சத்தியம் ஊருக்கே தெரியும். இனி இந்த ரூம்புக்குள்ள காலு வெக்காத."

ஜன்னல் மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அம்மா என் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானாக இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

டிசம்பர் 25, வியாழன்

டிசம்பர் 26, வெள்ளி

மூன்று பேரும் இருக்கிறார்கள்.

டிசம்பர் 27, சனி

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை. கையில் ஐந்து தையல். வாயில் ஒரு ஜோக்கும் இல்லை. இன்று முயல்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலையிலிருந்தே மழையும் மூடுபனியும். எதிர்வீட்டு ஆல்பர்ட் அண்ணன் வீட்டில் மட்டும் பாட்டு. அப்பா கடையில். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் தடை செய்யப்பட்ட நபர் என்பதால் கொல்லையில் துணி துவைக்கும் கல்லில், குடையைப் பிடித்துக்கொண்டு, உலகமே என்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று உட்கார்ந்திருந்தேன். அந்த அறையின் ஜன்னல் கொல்லைப் பக்கம்தான்.

இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. அதுவரை அந்த அறைக்கதவு நிமிடத்துக்கு ஒருமுறை திறந்தது. அக்கா காதில் திரிவிட நான், பல்லி பொம்மை வைக்க நான், அதை எடுக்க அம்மா, என்னைத் துரத்த அத்தை. இத்தனை நாள் உள்ளே காற்று போனதே என் தொல்லையால்தான். அன்று தொல்லை வெளியே இருந்தது. கதவு தாழிட்டிருந்தது. குளிர் அதிகம் என்று சூடாமணியை முழுதாகத் திருப்பியிருந்தார்கள்.

மாண்புமிகு அழுதது.

அத்தையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். குழந்தை சிணுங்கினால் சோற்றுத் தட்டைத் தாண்டிக் குதித்து ஓடும் ஆள். நான் காத்திருந்தேன். "வந்துட்டேன் சாமி, வந்துட்டேன் தங்கம்" கேட்கவில்லை. குழந்தை இன்னும் அழுதது. யாரும் எடுக்கவில்லை. பிறகு அழுகை மெலிந்தது. பிறகு நின்றுவிட்டது.

கதவை எப்படி இடித்தேன், என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. ஜன்னலுக்குத் திரும்பி ஓடி, செங்கல்லால் கண்ணாடியை உடைத்தேன். உள்ளே கை விட்டுக் கொக்கியைத் தூக்கியபோது கிழிந்திருக்கிறது, அப்போது வலிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறிக் குதித்து, முதலில் சூடாமணியைத் திருகி அணைத்தேன். தாழ்ப்பாளைத் தள்ளினேன். குழந்தையை அள்ளி வாசலுக்கு ஓடி, அப்பாவின் சாய்வு நாற்காலியில் கிடத்திவிட்டு, "ஆல்பர்ட் அண்ணா!" என்று அலறினேன். மழைச்சாரல் முகத்தில் பட்டதும் மாண்புமிகு முகம் சுளித்தது. அந்தச் சுளிப்பைப் பார்த்துவிட்டுத்தான் அக்காவிடம் திரும்பினேன். கூப்பிட்டேன். "ம்" கூட இல்லை. இரண்டு கையையும் பிடித்துத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தேன். அத்தை கதவு வரை தவழ்ந்து வந்து அங்கேயே குப்புற விழுந்திருந்தாள். புதுச்சட்டை போட்ட ஆல்பர்ட் அண்ணன்தான் அவளைத் தூக்கி, எல்லோரையும் தன் ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். என் ரத்தம் அந்தச் சட்டை முழுக்க.

ஆஸ்பத்திரியில் மூவருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் அப்பாவிடம், "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அக்கா கண் திறந்தது சாயங்காலம்.

டிசம்பர் 28, ஞாயிறு

மௌலி மாமா வந்துவிட்டார். வந்ததும் வராண்டாவில் கச்சேரி.

அம்மா ஆரம்பித்தாள்: "எந்தக் காலத்து அடுப்பையோ கொண்டாந்து என்ற பொண்ண கொல்லப் பாத்தீங்களே!"

"அடுப்பு கொண்டாந்தது நாங்க. ரூம்ப பொட்டியாட்ட அடச்சு வெச்சது யாரு ஊட்டுலங்க?" என்றாள் அத்தை. ஆக்ஸிஜன் எடுத்த களைப்பிலும் குரல் கணீரென்றது.

"நீங்க அடைக்கச் சொல்லல?"

"சேலையச் சுருட்டிக் குடுத்தது நீங்க இல்ல?"

மாமா நடுவில் கையை உயர்த்தினார். "போதும் நிறுத்துங்க. நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆனதும் கயலும் கொழந்தையும் நேரா தாராபுரம். இனி இந்த ஊட்டு வாசப்படிய அவ மிதிக்க மாட்டா. நீங்களும் அங்க வர வேண்டாம்."

வார்டு கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அக்கா அழுத அழுகையில், அன்றைய ஜன்னல் கண்ணாடிபோல் அவள் ஆக்ஸிஜன் மாஸ்க்கில் ஆவி படிந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

"நாந்தான் அடைச்சேன்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரும் சொல்லல. நானாத்தான், வெளையாட்டுக்கு. அதுல என்ற பேரைக்கூட எழுதி வெச்சிருக்கறேன், வேணும்னா போய்ப் பாருங்க."

இத்தனை நாள் நான் உண்மை சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. இந்தப் பொய்யை நம்ப ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு காலம் பாடுபட்டுச் சேர்த்த கெட்ட பெயர், ஒரே நாளில் வட்டியோடு கிடைத்தது. மாமா, "உன்னையெல்லாம்..." என்று கையை ஓங்கி, என் கைக்கட்டைப் பார்த்து இறக்கினார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது மட்டும் கொஞ்சம் வலித்தது. தையல்தான் காரணம்.

அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். அத்தையும் திறந்தாள், மூடினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சண்டை நின்றது. தாராபுரம் பேச்சை யாரும் பிறகு எடுக்கவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

எல்லோரும் வீட்டில். மாமா என்னோடு பேசுவதில்லை. சாப்பிடும்போது உப்புக் கேட்டால் சுவரைப் பார்த்து உப்பை நகர்த்துகிறார். 

மாலையில் நான் கொல்லையில் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மிணி, அன்னிக்கி என்னத்துக்கு அப்பிடிச் சொன்ன?"

"எப்பிடிங்க அத்தை?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"என்ற பேரு ஏற்கெனவே கெட்டுத்தானுங்க கெடக்குது. இன்னொண்ணு சேர்ந்தா எடம் பத்தாதுன்னா சொல்லப் போவுது? உங்களுக்கெல்லாம் கெட்ட பேரு புதுசாத்தான் வாங்கணும்."

அத்தை சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆகிவிட்டது. சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திவிட்டு, "அன்னிக்கி கொழந்த அழுதது எனக்குக் கேட்டுச்சு கண்ணு. எந்திரிக்கறேன், எந்திரிக்கறேன், காலு வரவே இல்ல" என்றாள். அவள் காலருகே கிடந்த கண்ணாடியை எடுத்து வாளியில் போட்டேன்.

பிறகு அவள் நேரே வாசலுக்குப் போனாள். மாமா அப்போது கடைவீதியில் இருந்தார். எங்கள் வீட்டில் கேட்டுக்கு வெளியே நின்றால்தான் போனில் டவர் கிடைக்கும். அத்தை போனில் பேசினால் போனே தேவையில்லை.

"மௌலி! நல்லாக் கேட்டுக்கோ. ரூம்ப அடைக்கச் சொன்னது நானு. உன்ற மாமியாரும் கூடத்தான். அந்தப் புள்ள மேல ஒண்ணுமில்ல. அணைக்கச் சொல்லி ரெண்டு நாளு கெஞ்சுச்சு, நாந்தான் வெரட்டுனேன். என்ன? ஆமா! நீ தொடைச்சதும் ஒரு சர்வீஸாடா?"

தெருவே கேட்டது. ஆல்பர்ட் அண்ணன் வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது. கடையிலிருந்து வந்த அப்பா கேட்டருகில் அப்படியே நின்று முழுதும் கேட்டுவிட்டு, உள்ளே வந்து என் தலையில் கை வைத்தார். கை கனமாக இருந்தது. கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

மாமா இரவுச் சாப்பாட்டில் உப்பை என்னைப் பார்த்து நகர்த்தினார்.

ஜனவரி 2, வெள்ளி

கேஸ் ஏஜென்சியிலிருந்து மெக்கானிக் வந்து சூடாமணியின் வயிற்றைப் பிரித்தார். பர்னர் குழாய்க்குள் சிலந்தி ஒன்று குடும்பம் நடத்தி, வலை கட்டி, வம்சத்தோடு செத்திருந்தது. ஒரு தட்டில் விரிசல். எல்லாம் தட்டிக் கொட்டி, ரப்பர் குழாயை மாற்றி, நீலமாக எரியவிட்டுக் காட்டினார். "வருசத்துக்கு ஒருக்கா சுத்தம் பண்ணோணும். என்ன சுத்தம் பண்ணாலும் சன்னலைத் தொறந்து வெச்சுத்தான் எரிக்கோணும். தூங்கப் போறதுக்கு முந்தி அணைச்சரோணும்" என்றார்.

இனி அது கூடத்தில்தான் எரியும். தெர்மாகோலை உடைத்து எடுத்தாகிவிட்டது. அக்கா அறைக்கு வெந்நீர்ப் பையும் கம்பளியும்.

அத்தை மதம் மாறியவர்போல் ஆகிவிட்டாள். தினமும் சோப்பு நுரையைக் கரைத்து, சிலிண்டர் குழாய்க்குத் தடவி, குமிழி வருகிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறாள். மாண்புமிகுவுக்குக்கூட இவ்வளவு கவனமாக எண்ணெய் தேய்க்கவில்லை. கூடத்து ஜன்னலை யாராவது மூடப் போனால், "யாரது அங்க?" என்று அதட்டல். எல்லோரும் குளிரில் நடுங்கிக்கொண்டு ஹீட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம்.

அம்மாவும் அத்தையும் இப்போது ஒரே கட்சி. பால் பொங்கினாலும், செருப்பு காணாமல் போனாலும், இரண்டு குரலும் சேர்ந்து என்னைத்தான் கூப்பிடுகின்றன. இந்த உலகத்தில் அவர்கள் ஒத்துப்போகும் ஒரே விஷயம் நான்.

ஜனவரி 4, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. ஒன்றும் படிக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு அக்கா தூங்கினாள். ஜன்னல் திறந்திருந்தது, கதவும். பக்கத்தில் மாண்புமிகு, முஷ்டியை மடக்கிக்கொண்டு. நான் வெறுமனே அந்தப் பக்கம் போனவள், ஜில்லென்ற தண்ணீரில் விரலை நனைத்து அக்காவின் உள்ளங்காலில் ஒரு கோடு போட்டேன். அலறி எழுந்தாள். ஓடிவந்துவிட்டேன்.

சற்று நேரம் கழித்து மறுபடி போனேன். மூக்கில் பேப்பர் திரி. தும்மினாள், திட்டினாள். நல்ல தும்மல்.

அதன் பிறகு ஹிந்து பேப்பரைச் சுருட்டிக் காதருகே ஊதினேன். "ஏன்டி, தூங்கவே வுட மாட்டியா? ஆஸ்பத்திரில இருந்து வந்த நாளா இதே வேலையா இருக்கற! அம்மா, இவளப் பாரும்மா!" அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஏதோ கத்தினாள். எப்போதும் சொல்வதுதான், திருந்தவே மாட்டாளா என்று.

"சும்மா, வெளையாட்டுக்கு" என்றேன்.

இப்போதும் அவள் தூங்குகிறாள். இங்கே கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போய்ப் பார்க்கக் கூடாது என்றுதான் இந்த நான்கு வரியை எழுதினேன்.

போய்விட்டு வந்தேன். மூக்கைப் பிடித்தேன். தலையணை பறந்து வந்து என் முகத்தில் சரியாக விழுந்தது. குறி தப்பவில்லை. கையில் நல்ல பலம்.